பங்களா பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை

பிள்ளைகளா, போன மாதம் கல்யாண மண்டபத்தில் மாமாத் தாத்தா என்னை "ஓட்ட வாயி" என்று கூப்பிட்டதும் நீங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அவர் ஏன் அப்படிக் கூப்பிடுகிறார் என்று வீட்டுக்கு வந்து கேட்டீர்கள். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். வாயால் சொன்னால் எனக்குக் கோர்வையாக வராது, அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவிடம் போய் ஒப்பிக்க வேண்டாம்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. மாமா, அதாவது என் அம்மாவின் தம்பி, யாரையும் எங்கேயும் கூட்டிப்போகிற ஆள் இல்லை. பௌர்ணமிக்கு மலை சுற்றக்கூடத் தனியாகத்தான் போவார். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்று, "ஜமீன் பங்களாவ பாத்துட்டு வரலாம், சோறு கட்டுக்கா" என்றார். கூடவே அத்தையும் வந்திருந்தார். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. மாமாவின் கையில் இருந்த பெரிய ஜமக்காளம் அந்தச் சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

செங்கம் போகிற பஸ்ஸில் ஏறி, வழியில் இறங்கி, கொஞ்ச தூரம் நடந்தோம். கேட்டில் நின்ற வாட்ச்மேன் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். பைக்குள் கத்தி, அரிவாள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பங்களாவுக்குப் பின்னால் இருந்த காட்டில் சந்தன மரம் இரண்டு நின்றதாம். அம்மா தூக்குவாளியைத் திறந்து எலுமிச்சம்பழச் சோற்றைக் காட்டிய பிறகுதான் உள்ளே விட்டார்.

அந்தப் பங்களாவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நீளமான கூடம், சுவரில் ஒரு கண் விழுந்துபோன புலித்தலை, ஊஞ்சல் கழற்றிய வெறும் சங்கிலிகள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மாமா புலிக்கு முதுகைக் காட்டி ஜன்னல் வழியாகக் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பங்களா பார்க்க வந்தவர் பங்களாவைப் பார்க்கவில்லையே என்று நான் அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

பின்பக்கம்தான் காடு. பழைய ஜமீன்தார் வைத்து வளர்த்ததாம். இலுப்பை, நாவல், வேம்பு எல்லாம் உண்டு, ஆனால் புளியமரம்தான் ஜாஸ்தி. மாமா ஒரு புளியமரத்தடியில் ஜமக்காளத்தை விரித்து மல்லாந்து படுத்தார். வாய் எதையோ முணுமுணுத்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து, "இங்க எறும்பு" என்று அடுத்த மரத்துக்கு மாற்றினார். அங்கே வெயில் என்றார். அதற்கடுத்த மரத்தில் காக்கா என்றார். நாங்கள் தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனோம்.

"மாமாவுக்கு இன்னாம்மா ஆச்சு?" என்று அம்மாவின் காதில் கேட்டேன்.

"புளி ஏலம் வருதுடா. காய்ப்பு பாக்கறான். வெளிய தெரிஞ்சா வெல ஏறிடுமாம். யாராச்சும் கேட்டா பங்களா பாக்க வந்தோம்னு சொல்லு."

இப்படியே மாறிக்கொண்டிருந்தபோதுதான் இன்னொரு ஜமக்காளம் கண்ணில் பட்டது. ஒரு ஆள், அவர் மனைவி, என் வயதில் ஒரு பையன். அந்த ஆளும் மல்லாந்து படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களும் மரம் விட்டு மரம் மாறினார்கள்.

மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "அக்கா, அந்த மூஞ்சிய பாத்தியா? பங்களா பாக்க வந்த மூஞ்சியா அது?"

"நம்ம மூஞ்சி மட்டும் இன்னா வாழுதாம்?" என்றார் அம்மா.

சோறு போடக் குனிந்தபோது அத்தையின் முந்தானை விலகியது. கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. அம்மா அதையே பார்த்தார். "சங்கிலி எங்கடி?" என்றார் மெதுவாக.

"ஏலத்துக்கு முன்பணம் கட்டணுமாம் அண்ணி" என்று அத்தை முந்தானையை இழுத்துக்கொண்டார். போன வருடம் மாமா குத்தகைக்கு எடுத்த மாந்தோப்பில் காற்று அடித்துக் காயெல்லாம் உதிர்ந்து, அந்த நஷ்டத்தில் அத்தையின் கம்மல் போயிருந்தது. மாமா எதையும் கவனிக்கவில்லை. கை கழுவாமலே அம்மாவின் பக்கம் சாய்ந்து, எவ்வளவு வரைக்கும் கேட்கப் போகிறார் என்பதைக் காதோடு சொன்னார். பக்கத்தில் இருந்த என் காதிலும் அது விழுந்தது. "அதுக்கு மேல ஒரு பைசா போ மாட்டேன்க்கா" என்றார்.

சாப்பிட்டதும் நான் அந்தப் பையனோடு பந்து விளையாடினேன். தாகம் எடுத்து அடிபம்புக்கு ஓடியபோது அம்மாவும் அந்தப் பையனின் அம்மாவும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்களும் பங்களா பாக்கத்தான் வந்தீங்களாக்கா?" என்று அந்தம்மா கேட்க, இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். பிறகு அம்மா அக்கம்பக்கம் பார்த்தார். பம்புக்கு மறுபுறம் குனிந்திருந்த என்னை அவர் பார்க்கவில்லை. மாமா காதோடு சொன்ன அதே தொகையை அம்மா அந்தம்மாவிடம் சொன்னார்.

"அதுக்கு மேல அவன் வர மாட்டான். உங்க ஊட்டுக்காரர ஒரேடியா தாண்டிக் கேக்கச் சொல்லும்மா."

"எதுக்குக்கா எங்கிட்ட சொல்றீங்க?"

"அவனுக்கு வேணாம்" என்றார் அம்மா. தூக்குவாளியைக் கவிழ்த்துத் தண்ணீரை உதறினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் அம்மாவின் பக்கத்தில் உட்காரவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி அத்தையின் மடியில் படுத்துக்கொண்டேன்.

ஏலம் முடிந்த அன்று சாயங்காலம் மாமா நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். துண்டை வீசினார். "நெஞ்சுக்குள்ள இருந்ததைப் படிச்ச மாதிரி கேட்டுட்டான்க்கா! நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அதுக்கு மேல போயிட்டான். எவனோ சொல்லியிருக்கான்." சட்டென்று என் பக்கம் திரும்பினார். "டேய், அந்தப் பையன்கூட பந்து ஆடினியே, இன்னாடா சொன்ன?"

நான் அம்மாவைப் பார்த்தேன். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அம்மா அடுப்பில் இருந்த குழம்பைக் கிண்டினார். நெடுநேரம் கிண்டினார்.

"சின்னப் பையன், தெரியாம ஒளறியிருப்பான். உடுடா" என்றார்.

மாமா அடிப்பார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவர் அடிக்கவில்லை. "ஓட்ட வாயி" என்று தலையில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அதுதான் எனக்குப் பெயர்.

கட்டிய முன்பணம் மாமாவுக்குத் திரும்பி வந்தது, அடகிலிருந்து அத்தையின் சங்கிலியும் வந்தது. ஆனால் அந்த வருடம் புளி நல்ல விலைக்குப் போனது. அந்தப் பையனின் அப்பா புது மொபெட் வாங்கியதை மாமா இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறார். அம்மா செய்தது சரியா தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குப் பெண் பிறந்த பிறகு அத்தையின் வெறும் கழுத்தை நினைத்தால் ஒரு மாதிரி தோன்றுகிறது, மாமாவின் முகத்தைப் பார்த்தால் வேறு மாதிரி தோன்றுகிறது. அம்மா இருந்தவரை நான் அவரிடம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவரும் பேசவில்லை.

அன்று மாமா கிளம்பிப் போன பிறகு அம்மா எனக்குச் சோறு போட்டார். தட்டில் ஒரு ஆம்லெட் இருந்தது. எங்கள் வீட்டில் அது அப்பாவுக்கு மட்டும் போடுவது. லஞ்சம் என்று எனக்குப் பட்டது. சோற்றை மட்டும் தின்றுவிட்டு, அதைத் தொடாமல் எழுந்து வாசலுக்குப் போனேன். அம்மா தட்டை மூடி வைத்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனார்.

அவர் தெருமுனை திரும்பும் வரை காத்திருந்தேன். பிறகு உள்ளே போய், நின்றபடியே ஆம்லெட்டை முழுவதும் தின்றேன். ஆறிப்போயிருந்தது. தட்டைக் கழுவித் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்தேன். அதைத் தின்றதன் மூலம் எதற்குச் சம்மதித்தேன் என்று அந்த வயதில் எனக்குத் தெரியாது.