ராட்டினக்காரியின் தொழில் எதிரி

"ஈ காட்டு கண்ணு."

பிள்ளையின் தாடையை இரண்டு விரலால் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, ஜோதிலட்சுமி உள்ளே பார்க்கிறாள். மேல்வரிசையில் முன்பல் இரண்டும் விழுந்து, ஒன்று பாதி முளைத்திருக்கிறது. "ஏழு ஆச்சு. ஏறு." அடுத்து நிற்பது அப்பாவின் தோளிலிருந்து இப்போதுதான் இறங்கியது. தனக்கும் ஏழுதான் என்கிறது. வாய்க்குள் பால்பல் அத்தனையும் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன. "உனக்கு நாலு. நைனாவ வந்து புடிச்சிகினு நிக்கச் சொல்லு."

மாமல்லபுரம் கடற்கரைக்குப் போகும் வழியில், சங்குமாலைக் கடைகளும் மீன் வறுவல் கடைகளும் முடிகிற இடத்தில் அவளுடைய ராட்டினம். ஆறு குதிரை, இரண்டு கார், இறக்கையில் டேப் ஒட்டிய ஒரு விமானம், அடியில் மோட்டார். சின்னப் பிள்ளைகள் தனியாக ஏறக்கூடாது. பெரிய பிள்ளைகள் ஏறவே கூடாது, ராட்டினத்து நடு இருசு தாங்காது. அதனால் சின்னவை வயதைக் கூட்டிச் சொல்லும், பெரியவை குறைத்துச் சொல்லும். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. "வயசுல புள்ளைங்க பொய் தான் சொல்லும். அது அதுங்க வேல. நம்பாம இருக்கறது என் வேல."

பல்லை வைத்துப் போடும் கணக்கு ஒரு வருடம் முன்னே பின்னே போகும். ஊட்டம் குறைந்த பிள்ளைக்குத் தாமதமாகத்தான் விழும். அதையும் சேர்த்தே கணிக்கிறாள். நாள் முழுக்க நிற்பதால் இடது கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகத் தெரிகிறது. இறுக்கமான காலுறை போட்டால் குறையும். மணல் உள்ளே போய் அறுக்கும் என்று மறுத்துவிடுகிறாள். ஊர் படாளம், அண்ணன் தம்பிகள் இன்னும் அங்கே நெல் போடுகிறார்கள். கணவர் குமார் மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார்.

அவளுடைய தொழில் எதிரி பக்கத்தில் பலூன் சுடும் கடை வைத்திருக்கும் செல்வராஜ் இல்லை. குதிரைச் சவாரிக்காரர்களும் இல்லை. அவர்களோடு ஒரே டீயைப் பிரித்துக் குடிக்கிறாள். எதிரி, சுற்றிப் பார்க்க வருகிறவர்களின் கையில் இருக்கிறது. ராட்டினத்து வேலியில் சாய்ந்துகொண்டு ஒரு பிள்ளை தலையைக் குனிந்து போனைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே இருந்தால் அவளுக்கு வயிறு பற்றிக்கொண்டு வரும். "இத்தினி குதிர சுத்துது, கண்ணெடுத்துப் பாக்குதா பாரு. எவனோ வெள்ளரிக்கா நறுக்கறான், அத்த பாத்துகினு கீது."

இதைக் கோபம் என்று நாகரிகமாகச் சொல்லலாம். அவளே அப்படிச் சொல்வதில்லை. பொறாமை என்கிறாள். அந்தப் போன்காரனுக்கு மழை கிடையாது. உப்புக்காற்றில் துரு ஏறாது. பெல்ட் அறுந்து நடுவில் நிற்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் யாரையும் இறக்கிவிட வேண்டியதில்லை. இவள் இறக்கிவிடுகிறாள். பிள்ளை காலை உதைத்துக்கொண்டு அழுதாலும், பெற்றவர்களே இன்னொரு சுற்று என்று கெஞ்சினாலும், சோர்ந்த முகத்தைப் பார்த்துவிட்டால் தூக்கி மணலில் விட்டுவிடுவாள். அதற்கு மேல் சுற்றினால் வாந்திதான். "நிறுத்தாம சுத்தவுட்டா நானும் தான் பணக்காரி ஆயிருப்பேன்" என்று ஒருநாள் செல்வராஜிடம் சொன்னாள். அதில் கொஞ்சம் ஏக்கமும் இருந்தது.

வேறு ஏதோ ஊரில் பொருட்காட்சி ராட்டினம் ஒன்று சாய்ந்து விழுந்தபோது இந்தக் கடற்கரையிலும் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். பொறியாளர் வந்து இருசைத் தட்டிப் பார்க்கும்வரை அவளுடைய குதிரைகள் தார்ப்பாய்க்குள் கிடந்தன. வேலி போடு என்றார்கள், போட்டாள். மணல் வாளி வை என்றார்கள், வைத்தாள். முதலுதவிப் பெட்டிக்குள் காலி மருந்துப் புட்டி இருந்தது. திட்டு வாங்கிக்கொண்டு நிரப்பினாள். பிள்ளை விழுந்தால் தன்னைத்தான் கேட்பார்கள், அது நியாயம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பொறியாளர் கிளம்பும்போது ஒன்று கேட்டாள்: போனில் ஆட்டம் காட்டுகிறவனையும் இப்படித் தார்ப்பாய் போட்டு மூடுவீர்களா? அவர் சிரித்தார். நல்ல மனிதர்.

அந்த எதிரி தன் வீட்டுக்குள்ளேயே கடை விரித்திருப்பது அவளுக்கு இந்த ஆனி மாதம்தான் தெரிந்தது.

மகள் வைஷாலிக்குப் பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துச் செய்திகள் வருவதற்கென்று ஒரு போன் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். ஆனி பிறந்ததும் பிள்ளை சாதத்தைப் பிசைந்துவிட்டு எழ ஆரம்பித்தாள். நகத்தை ரத்தம் வரக் கடித்தாள். காலையில் வயிற்று வலி என்றாள். காய்ச்சலும் பேதியும் இல்லாத வயிற்று வலிக்கு முதலில் பிள்ளையோடு தனியாக உட்கார வேண்டும். ஜோதிலட்சுமி முதலில் மருந்துக்கடைக்குப் போனாள். அதற்கப்புறம்தான் உட்கார்ந்தாள்.

விஷயம் வெளியே வந்தது. படங்கள் போட்டுப் பழகும் ஒரு செயலியில் வைஷாலி கணக்கு வைத்திருந்தாள். அதில் திவ்யா என்று ஒருத்தி சிநேகிதமானாள். மறைமலைநகர், எட்டாம் வகுப்பு என்று சொன்னாள். சில வாரம் நன்றாகப் பேசினாள். பிறகு படம் கேட்டாள், பிறகு வேறு மாதிரிப் படம் கேட்டாள். கொடுக்காவிட்டால் நீ சொன்னதையெல்லாம் உன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவேன் என்றாள். அவள் என்பது தவறு, அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது அவன். வைஷாலி அந்தப் படத்தை அனுப்பவில்லை. பிள்ளை அந்த மட்டில் கெட்டி.

குமார் போனைத் தரையில் அடிக்க ஓங்கினார். ஜோதிலட்சுமி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். உடைத்துவிட்டால் அவனை எதை வைத்துப் பிடிப்பது என்று கேட்டாள். மறுநாளே இருவரும் செங்கல்பட்டுக்குப் போய்ப் போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். அங்கே இருந்த பெண் காவலர் பிள்ளையிடம் பக்குவமாகப் பேசினார். செயலியை நடத்தும் கம்பெனியிடமிருந்து விவரம் வரவேண்டும், கேட்டிருக்கிறோம் என்றார்.

கம்பெனிக்கு ஜோதிலட்சுமியும் தனியாகப் புகார் அனுப்பினாள். நல்ல தமிழில் பதில் வந்தது: அந்தக் கணக்கு எங்கள் சமூக நெறிமுறைகளை மீறவில்லை.

அவள் அதைத் தூக்கிக்கொண்டு செல்வராஜிடம் போனாள். "இவன் இன்னா சமூகம்? எங்க சமூகத்துல பன்னண்டு வயசு பொண்ணுகிட்ட இப்டி கேட்டா செருப்பு பிஞ்சிடும். இவங்க சமூகத்துல தப்பில்லியாமா?"

இது சாதி விஷயம் இல்லை, அந்தக் கம்பெனியில் கணக்கு வைத்திருக்கும் எல்லாரையும் சேர்த்துத்தான் சமூகம் என்கிறார்கள் என்று செல்வராஜ் விளக்கினார். அவள் விடவில்லை. "அப்ப என் பொண்ணும் அதுல ஒருத்தி தான அண்ணாத்த? அவள எவன் கேட்டான்?"

இரண்டாவது முறை எழுதியபோது காரணம் தெரிந்தது. கணக்குத் திறக்கும்போது பிறந்த வருடம் கேட்டிருக்கிறது. வைஷாலிக்கு அம்மாவின் ஆதார் அட்டையில் பார்த்த வருடம் சட்டென்று நினைவுக்கு வர, அதையே போட்டுவிட்டாள். கம்பெனியைப் பொறுத்தவரை அவள் நாற்பத்து நாலு வயதுப் பெண். பெரியவர்கள் இருவருக்குள் நடந்த பேச்சில் நாங்கள் தலையிடுவதற்கில்லை என்பது பதிலின் சாரம். அந்த நாற்பத்து நாலு வயதுப் பெண் இரட்டைச் சடையோடும் பள்ளிச் சீருடையோடும் போட்டிருந்த படங்கள் அதே கணக்கில் வரிசையாக இருந்தன. அவளுக்கு மூட்டுவலித் தைலத்துக்கு விளம்பரம் வந்துகொண்டிருந்தது.

ஆனால் ஜோதிலட்சுமியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது வயது இல்லை. போலீசில் கொடுப்பதற்காக அந்தப் பேச்சு முழுவதையும் அவள் படிக்க வேண்டியிருந்தது. தினமும் சாயங்காலம், ராட்டினத்தில் கூட்டம் நெரிகிற நேரம் பார்த்து, அவன் எழுதியிருந்தான்: சாப்டியா? இன்னா சாப்ட? கபடி அணியில் தன்னைச் சேர்க்கவில்லை என்று வைஷாலி அவனிடம் அழுதிருக்கிறாள். வயதுக்கு வந்தபோது பயந்துபோனதை அவனிடம் சொல்லியிருக்கிறாள். தாயிடம் சொன்னதைவிட நிறையச் சொல்லியிருக்கிறாள். படித்துவிட்டு ஜோதிலட்சுமி வெகுநேரம் மோட்டாருக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தாள். போதும் என்ற பிறகும் போட்டாள். "அவன் கெட்டவன்றது அப்பறம். மொதல்ல அவன் என் எடத்துல உக்காந்துகினு இருந்தான்" என்றாள்.

இந்த நிலையில்தான் திருப்போரூரில் ஒரு மண்டபத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. இணையத்தில் பிள்ளைகளின் பாதுகாப்பு. அதே கம்பெனியின் சார்பில் சதாசிவம் என்ற அலுவலர் வந்திருந்தார். இளைஞர், மரியாதையான பேச்சு. திரையில் படங்கள் காட்டினார். பெற்றோர்தான் பிள்ளையின் முதல் பாதுகாப்பு என்று ஒரு படத்தில் எழுதியிருந்தது. ஜோதிலட்சுமி ராட்டினத்தை மூடிவிட்டு, வைஷாலியையும் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

புகார்களை மின்னஞ்சலில் அனுப்பலாம் என்று அவர் சொன்னதும் எழுந்து, போன் நம்பர் கேட்டாள். அப்படி ஒன்று இல்லை என்றார்.

"போன்லயே கட வச்சிகினு கீறீங்க, ஒரு போன் நம்பரு இல்லியா?"

மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, அவளுடைய புகாரின் எண்ணைக் கேட்டு வாங்கி, மடிக்கணினியில் தேடிப் பார்த்தார். "அம்மா, இதுல வயசு நாப்பத்தி நாலுன்னு இருக்கு. சரியான வயசு குடுத்திருந்தா, தெரியாதவங்க அவங்களுக்கு மெசேஜ் அனுப்பவே விட்டிருக்க மாட்டோம்."

"புள்ள பொய் சொல்லும் சார். நீ இன்னாத்துக்கு நம்பன?"

"நாங்க நேர்ல பாக்க முடியாதுல்லம்மா."

"பாக்காமத்தான் இத்தினி புள்ளைங்கள ஏத்தினியா?"

சதாசிவம் மேடையிலிருந்து இறங்கி வந்தார். அவருக்கு உதவி செய்யத்தான் விருப்பம். அதில் பொய் இல்லை. இப்போது புதிதாக ஒரு வசதி வந்திருக்கிறது, முகத்தைக் காட்டினால் கேமராவே வயதைக் கணித்துவிடும் என்று தணிந்த குரலில் சொன்னார். பாப்பா ஒரு நிமிடம் பார்த்தால் போதும், கணக்குச் சிறுமியுடையது என்று பதிவாகிவிடும், புகார் இன்றைக்கே மேலிடத்துக்குப் போகும். படம் எங்கே போகும் என்று ஜோதிலட்சுமி கேட்டாள். உடனே அழித்துவிடுவோம் என்றார். அழித்தீர்களா என்று யார் வந்து பார்ப்பார்கள் என்று கேட்டாள். அவர் கம்பெனி விதிகளைச் சொல்லிக்கொண்டே போனை வைஷாலியின் பக்கம் திருப்பினார்.

வைஷாலி நிமிர்ந்தாள். யாரும் சொல்லாமலே நெற்றி மயிரை ஒதுக்கினாள். முகவாயை ஒரு பக்கமாகச் சாய்த்து, உதட்டைக் குவித்து, கண்ணைப் பெரிதாக்கினாள். வீட்டில் தாய் ஒருநாளும் பார்த்திராத முகம் அது.

ஜோதிலட்சுமி அதைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, கிரீஸ் கறை போகாத உள்ளங்கையைக் கேமராவின்மேல் அப்பி வைத்தாள்.

"வயசு தான வோணும்? பெத்தவ நிக்கறேன். என்ன கேளு."

சதாசிவம் போனை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தார். அவள் கையும் கூடவே போனது.