தாமதத்தைத் தேடியவர்கள்

என் கணவர் சுட்டு வீழ்த்தப்படும் ஓசையைக் கேட்டபடியே விடைத்தாள் திருத்த நான் பழகியிருந்தேன். பக்கத்து அறையில் கணினி. முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஊர் முனையில் இறக்கிவிட்டதும், குளித்து, டீ குடித்து, அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். விளையாட்டில் இவர்கள் ஐந்து பேர், எதிரணியில் ஐந்து பேர். யார் முதலில் பார்த்துச் சுடுகிறார்களோ அவர்கள் பிழைப்பார்கள். இவர்கள் ஐவரும் ஒரகடத்தில் ஒரே கார் தொழிற்சாலையில், ஒரே லைனில் நிற்பவர்கள். அங்கே டீம் லீடராக இருப்பவர்தான் இங்கும் தலைவர்.

என் கணவருக்கு வேறு நண்பர்கள் கிடையாது. குடும்ப நிலத்தை அரசாங்கம் தொழிற்பேட்டைக்கு எடுத்துக்கொண்ட பிறகு, இழப்பீட்டுப் பணத்துக்காகப் பங்காளிகளுக்குள் வழக்கு மூண்டது. வழக்கு முடிந்தபோது பேச்சும் முடிந்திருந்தது. நாற்பதை நெருங்கும் ஒருவர் புதிதாக மனிதர்களைச் சம்பாதிப்பது எளிதன்று. அவரை 'அண்ணா' என்று கூப்பிட, சனிக்கிழமை சாயங்காலம் 'நாளைக்கு வருவீங்க இல்ல' என்று கேட்க, உலகத்தில் அந்த நால்வர்தான் இருந்தார்கள். அணியில் தன்னுடைய இடத்தை அவர் எவ்வளவு கவனமாகக் காத்தார் என்பதை, கல்யாண வீட்டுக்குப் போனால்கூட ஆட்ட நேரத்துக்குள் திரும்பிவிடும் அவசரத்திலிருந்து அறிந்திருந்தேன்.

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. ஒவ்வோர் ஆட்டத்திலும் அவரே முதலில் சாகத் தொடங்கினார்.

"நான் அமுக்குறேன், அது அப்பாலதான் சுடுது. லேக் கீது" என்றார்.

விரல் அழுத்துவதற்கும் திரையில் துப்பாக்கி வெடிப்பதற்கும் நடுவே விழும் கண்ணிமைப்பொழுதைத்தான் லேக் என்றார்கள். அதைக் குறைக்கும் வேலையை ஐவரும் சேர்ந்து எடுத்துக்கொண்டார்கள். தொழிற்சாலையில் எப்படிச் செய்வார்களோ அப்படியே செய்தார்கள். லைனில் ஒரு கோளாறு வந்தால் அவர்கள் ஊகிப்பதில்லை. சந்தேகத்துக்குரிய பாகத்தைக் கழற்றிவிட்டு, நல்லது என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றை அங்கே மாட்டிப் பார்ப்பார்கள். கோளாறு அப்படியே இருந்தால் பழைய பாகம் ஓகே, அடுத்ததற்குப் போவார்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றக்கூடாது. இப்படிப் போய்க் கடைசியில் அகப்படும் பாகத்துக்கு என்.ஜி., அதாவது 'நாட் குட்', என்று பெயர். அதைச் சிவப்புத் தொட்டியில் போடுவார்கள். அதன்பின் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

முதலில் சந்தேகம் விழுந்தது வயரில்லாத ஹெட்ஃபோன் மீது. அதை எடுத்துவிட்டு ஸ்பீக்கர் வைத்தார். அதனால் லேக் குறையவில்லை. ஆனால் அதுவரை அவர் காதுக்குள் மட்டும் போய்க்கொண்டிருந்த பேச்சு வீட்டுக்குள் வந்துவிட்டது.

"அண்ணன் எங்கப்பா?"

"படுத்துகினு கீறாரு."

"ரவுண்டே ஆரம்பிக்கல. அதுக்குள்ளயா?"

"ஜன்னல் ஓரமா போய்ப் படுத்துக்கோங்கணா. காத்து வரும்."

நால்வரும் சிரிப்பார்கள். ஐந்தாவதாக இன்னொரு சிரிப்பும் கேட்கும். அது திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து டிரெய்னியாகச் சேர்ந்திருந்த ஓர் இளைஞனுடையது. அணியில் இடம் இல்லாததால் ஆடாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பான். "அண்ணாச்சி செத்த பெறவுதான் குண்டு வெளிய வருது" என்று அவன் ஒருநாள் சொன்னது அவர்களுக்குள் வெகு காலம் ஓடியது. என் கணவரும் அதைத் திரும்பச் சொல்லிச் சிரித்தார். கேலி செய்கிறவரைக்கும் விலக்கமாட்டார்கள் என்று நம்பினார் போலும்.

பிறகு படத்தின் தரத்தைக் குறைத்தார்கள். மரங்கள் இலைகளை இழந்து பச்சைக் கட்டிகளாயின, நிழல்கள் மறைந்தன, கொல்லப்படுகிறவர்களுக்கு முகம் இல்லாமல் போயிற்று. வைஃபை வேண்டாம், நேர் வயர்தான் சரி என்றார் டீம் லீடர். வயர் வருவதற்காக என் புத்தக அலமாரி சுவரை விட்டு நகர்ந்தது. நகர்ந்ததும் அறையில் இடம் போதாமல் புத்தகங்கள் சாக்கில் கட்டிப் பரணுக்குப் போயின. ஆட்ட நேரத்தில் டி.வி. கிடையாது, என் போனில் நெட் கிடையாது. நான் மறுக்கவில்லை. ஒரு மனிதர் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் போராடும்போது அலமாரி எங்கே இருந்தால் என்ன. நெட் கம்பெனியையே மாற்றினார்கள். தாமதத்தைக் காட்டும் எண் திரையின் மூலையில் பச்சையாக நின்றது. அவர் மட்டும் விழுந்துகொண்டே இருந்தார்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். டீம் லீடர் மறைமலை நகரிலிருந்து தன் மவுஸை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்து வந்தார். டிரெய்னியும் கூட வந்திருந்தான். நான் பஜ்ஜிக்கு மாவு கரைத்தேன். வீட்டுக்கு நாலு பேர் வந்து வெகு நாளாகியிருந்ததால், என் கணவர் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

விளையாட்டுக்குள் இருக்கும் பயிற்சித் திடல் ஒன்றைத் திறந்தார்கள். அதில் பொம்மைகள் எழும். எழுந்ததும் சுட வேண்டும். டீம் லீடர் உட்கார்ந்தார். எழுந்த பொம்மையெல்லாம் விழுந்தது.

"மெஷின் ஓகே. லைன் ஓகே. நீங்க ஒக்காருங்கணா."

என் கணவர் உட்கார்ந்தார். பொம்மைகள் எழுந்து, நின்று, தாமாகவே மறைந்தன. மவுஸை மாற்றினார்கள். மறுபடியும் அப்படியே.

"சேரு?" என்றான் ஒருவன்.

சிரித்தபடியே சமையலறை நாற்காலியைக் கொண்டுபோனார்கள். பலன் இல்லை. "சேரும் ஓகே" என்று டீம் லீடர் அறிவித்தார். பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்து சுட்டுப் பார்த்தார்கள். எல்லோருக்கும் பொம்மைகள் விழுந்தன. டிரெய்னி அந்தக் கணினியை அன்றுதான் தொடுகிறான். மற்ற எல்லோரையும்விட வேகமாகச் சுட்டான்.

டீம் லீடர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். லைனில் அப்படித்தான் நிற்பார் என்று நினைக்கிறேன். "இன்னும் மாத்தாதது இன்னா கீது?" என்றார். யாரையும் குத்துவதற்காகக் கேட்கவில்லை. அந்த முறையில் அடுத்து வரும் கேள்வி அது.

எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தார்கள்.

"அப்பொ அண்ணாச்சிதான் என்.ஜி.யா?" என்றான் டிரெய்னி.

வீடு அதிரச் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பும் மற்றவர்களுடையதைவிடச் சற்றுத் தாமதமாகவே வந்தது.

டீம் லீடர் சிரித்து முடித்ததும் அவருடைய வலது கையைப் பிடித்துத் திருப்பி, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். "கண்ணை மூடிக்கோங்கணா." சட்டைப் பையிலிருந்த பேனாவின் முனையால் ஆள்காட்டி விரலைத் தொட்டார்.

"எந்த வெரலு?"

"நடு வெரலு."

மோதிர விரலைத் தொட்டார்.

"இப்ப?"

என் கணவர் வெகு நேரம் யோசித்தார். "தொட்டுட்டியா?" என்றார்.

நான் பஜ்ஜித் தட்டோடு கதவருகில் நின்றிருந்தேன். சில மாதங்களாகக் காலையில் சட்டைக் கைப் பொத்தானை என் முன்னால் நீட்டுவார், போட்டுவிடச் சொல்லி. இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு கொஞ்சல் என்று அதை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"கன்னு" என்றார் டீம் லீடர். சக்கர போல்ட்டுகளை முடுக்கும் காற்றுத் துப்பாக்கியைச் சொன்னார். பல வருஷமாக அது அந்தக் கைக்குள் அதிர்ந்துகொண்டிருந்தது.

"டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்று கேட்டேன்.

"வேணாம் அண்ணி. ரிப்போர்ட்டுன்னு ஒண்ணு வந்தா கம்பெனிக்குத் தெரிஞ்சிடும், அண்ணனை லைன்லேருந்து தூக்கிடுவாங்க. லைன்ல ஒரு பிரச்சனயும் இல்ல. கன்னே டைட் பண்ணிக்கும், அண்ணன் புடிச்சிகினு நின்னா போதும்." பிறகு அவர் பக்கம் திரும்பி, மரியாதையோடுதான் சொன்னார்: "இங்கதான்ணா பத்தல."

கார் செய்யப் போதுமானதாக இருந்த கை, பொம்மை சுடப் போதவில்லை. இதில் இருந்த கொடுமை அந்த அறையில் எனக்கு மட்டும்தான் பட்டது என்று எண்ணினேன். என் கணவர், பஜ்ஜி ஆறுகிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரையும் உபசரித்துக்கொண்டிருந்தார். சூடான பஜ்ஜியை ஊதாமல், விரல் மாற்றாமல் பிடித்திருந்தார். கிளம்பும்போது டீம் லீடர், "அடுத்த வாரத்துலேருந்து தம்பி ஆடட்டும்ணா. நீங்க பாருங்க" என்றார். இவர் "அதான் கரெக்ட்டு" என்றார்.

வாரம் முழுக்க ஸ்பீக்கர் மௌனமாக இருந்தது. மருத்துவரிடம் போகலாம் என்று இரண்டு தரம் சொன்னேன். இரண்டு தரமும் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். சனிக்கிழமை டீம் லீடரிடமிருந்து போன் வந்தது. அவர் பேசியது எனக்கும் கேட்டது.

"அண்ணா, தம்பி குன்றத்தூர் ரூம்ல நெட்டே நிக்கலணா. ரூம் பூரா ஆளு, எல்லாம் ஒரே போன்ல தொங்குறானுங்க. ஒரே லேக்கு. உங்க வூட்லதான் லைன் வெண்ண மாதிரி கீது. அங்க வந்து ஆடட்டுமா?"

"வரட்டும்பா. இதுக்குப் போய்க் கேட்டுகினு" என்றார் என் கணவர். அவர் குரலில் ஒரு வாரமாக இல்லாத தெம்பு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்த இளைஞன் வந்தான். செருப்பை வாசலில் ஒழுங்காக விட்டான், எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்திருந்தான், கெட்டவன் அல்லன். நாற்காலியில் உட்கார்ந்து அதன் உயரத்தைத் தனக்கு ஏற்றபடி இறக்கிக்கொண்டான். என் கணவர் பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு அவன் பின்னால் உட்கார்ந்தார்.

"தம்பி, லேக் கீதா?" என்றது ஸ்பீக்கர்.

"சுத்தமா இல்லண்ணே."

"அட்றா தம்பி. வூடு கட்னா இப்டி கட்டணும்."

ஆட்டம் நடந்தது. இடையிடையே என் கணவர் குனிந்து, "லெஃப்ட்ல ஒருத்தன்" என்பார். அவர் சொல்லி முடிக்கும்போது அந்த ஒருத்தன் செத்து விழுந்திருப்பான். "பாத்துட்டேன் அண்ணாச்சி" என்று அந்த இளைஞன் திரும்பாமலே சொல்வான். அணி வென்றது. கூச்சலிட்டார்கள், ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள், அடுத்த வாரத்துக்கு நேரம் குறித்தார்கள். முக்காலியில் இருந்தவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. விடைபெறும்போது மட்டும் டீம் லீடர், "அண்ணா கீறாரா? தேங்க்ஸ்ணா" என்றார்.

இளைஞன் போன பிறகு, என் கணவர் நாற்காலியைப் பழைய உயரத்துக்கு ஏற்றவில்லை. அப்படியே விட்டுவிட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாரம் வர வேண்டாம்னு சொல்லிடுங்க. நான் வேணா சொல்றேன்" என்றேன்.

துடைப்பதை நிறுத்தாமல் சொன்னார்: "அவன் வரலன்னா அவுங்கல்லாம் எதுக்கும்மா என்னாண்ட பேசப்போறாங்க?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த இளைஞன் வந்து உட்கார்ந்ததும், டீக்குச் சர்க்கரை எவ்வளவு போடுவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.