மாத்திரைக்குப் பத்தியம் உண்டா?

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் மசாலா மில் வைத்திருந்தவர்கள் பலர். நாக்கு வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் அரைத்த தூளில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தால் போதும், மல்லி பழசா புதுசா, மிளகாய் ஒழுங்காகக் காய்ந்ததா என்றெல்லாம் சொல்லிவிடுவேன். ஃபேரர் பார்க் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர்கள், என் தூள் வந்து சேராவிட்டால் அன்றைக்கு மீன் குழம்பே வைக்க மாட்டார்கள். கூலியாக மூட்டை தூக்க வந்தவன், சொந்த மெஷின் போட்டு இந்தப் பெயரை எடுத்தேன்.

அப்படிப்பட்ட எனக்குத்தான் அறுபதுகளில் அந்த நோய் வந்தது. காய்ச்சல் இல்லை, காயம் இல்லை. காலையில் கடைப் பலகையைக் கழற்றப் போனால் கை நடுங்கும். நெஞ்சு மெஷின் பெல்ட் மாதிரி ஓடும். ஏதோ கெட்டது நடக்கப் போகிறது என்று தோன்றும். என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எதிலும் மனம் ஒட்டாமல் மல்லி மூட்டை மேல் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு சீன டாக்டர் அதற்கு மாத்திரை கொடுத்தார். சில வாரங்களில் மறுபடி மனிதனானேன். ஆனால் வாய் வறண்டு, நாக்கு மரக்கட்டையாகிவிட்டது. எந்தத் தூளை வைத்தாலும் மரத்தூள்தான். உடம்பு தேறியதும் யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினேன். "மனசு உறுதியா இருந்தா மருந்து எதுக்கு?" என்று தெரு முழுக்கப் பேசிக்கொண்டு திரிந்தேன். நாக்கும் திரும்பி வந்தது.

அடுத்த மழைக்காலத்தில் நோயும் திரும்பி வந்தது.

"அந்த மாத்திரையவே திரும்பப் போடுங்க" என்றாள் மனைவி. நான் காதில் வாங்கவில்லை. திரும்பப் போட்டால் நான் பேசிய பேச்செல்லாம் என்னாவது? அது கூடப் போகட்டும். நாக்கு போனால்? பாதிப் பலகை மட்டும் கழற்றிய கடைக்குள் மெஷின் சும்மா நின்றது; நான் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்துக் கடையில் கைலி வியாபாரம் செய்த பாய் ஒரு நாள் எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணே, மூட்டைக்குக் காவலா? சத்தமே காணோமே?"

"மாத்திரை போடச் சொல்றா பாய். போட்டா நாக்கு போயிரும். நாக்கு போனா அப்புறம் நான் யாரு?"

"இப்ப நாக்கு இருக்குல்ல? வச்சிக்கிட்டு என்னத்த அரைச்சிட்டீங்க லா?"

பேச்சில் நான் யாரிடமும் தோற்றதில்லை, அந்தப் பாயிடம் தவிர. மறுநாள் மனைவியோடு டாக்டரிடம் கிளம்பிவிட்டேன்.

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அங்கே காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸராக இருந்த தமிழ்ப் பையன் இரண்டு பக்கமும் மாற்றிச் சொல்வான். இங்கேயே பிறந்து இங்கிலீஷில் படித்தவன். மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் நான் கேட்டேன்:

"தம்பி, இந்தத் தடவ பத்தியம் எவ்வளவு நாளு?"

பையன் பதறிவிட்டான். "பைத்தியமா? ஐயோ அண்ணே, யார் சொன்னது? உங்களுக்குப் பைத்தியம்லாம் இல்ல லா!"

"நான் அதக் கேக்கலப்பா…"

அதற்குள் மனைவி குறுக்கே புகுந்தாள். "போன தடவ மாசக்கணக்கா இருந்தாரு தம்பி. நான்தான் கூட இருந்து பாத்துக்கிட்டேன்."

பையன் அதை அப்படியே டாக்டரிடம் சொன்னான் போலிருக்கிறது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். ஏதோ கேட்டார். பையன் மனைவி பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான்.

"அந்த நேரத்துல வீட்டுல கத்துவாரா அக்கா?"

"கத்தாம? ரசம் கேட்டுக் கத்துவாரு."

"ரசமா?"

"ஆமா. புளி சேக்கக் கூடாதுல்ல? மிளகா கூடாது, கருவாடு கூடாது. வெறும் கஞ்சியும் உப்பில்லாத புடலங்காயும்தான்."

அப்போதுதான் பையனுக்கு விளங்கியது. விழுந்து விழுந்து சிரித்தான். டாக்டருக்கு விளக்கிச் சொன்னபோது அவரும் சிரித்தார். நம் ஆட்களுக்கு மருந்து என்றால் பத்தியம் உண்டு. வேண்டுமா என்று அதைப் போய் யாராவது டாக்டரிடம் கேட்பார்களா? முதல் தடவை மனைவியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மாத்திரை தின்ற காலம் முழுக்க, கடையில்கூடத் தூளை நாக்கில் வைத்தவுடன் துப்பிவிட்டு வாய் கொப்பளித்தவன் நான். அவ்வளவு ஒழுக்கமாகப் பத்தியம் காத்தவன் சிங்கப்பூரிலேயே வேறு ஒருவன் இருந்திருக்க மாட்டான்.

டாக்டர் சொன்னதைப் பையன் இப்படிச் சொன்னான்: "வாய் காயுறது மாத்திரையால. அதுக்கு அவர் பொறுப்பு. அடிக்கடி தண்ணி குடிங்க, போகப் போகக் குறையலாம். கஞ்சிக்கு அவர் பொறுப்பு இல்லையாம். எல்லாம் சாப்பிடலாம். கொஞ்சமா ஆரம்பிச்சு மெதுவா கூட்டுவாரு. கஷ்டமா இருந்தா வந்து சொல்லணும். நீங்களா நிறுத்தக் கூடாது."

"திரும்பப் போடுறது தோத்துப் போன மாதிரி இல்லையா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவைத்தேன். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் நானே சொல்லிவிட்டேன்: "அரைக்கிற கல்லு தேஞ்சா திரும்பத் திரும்பக் கொத்தத்தானே செய்றோம்?" பையன் மாற்றிச் சொன்னதும் டாக்டர் பலமாகத் தலையாட்டினார். நல்ல உவமை. பிற்பாடு பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு வீட்டில் காரம் தூக்கலாகத் திருக்கைமீன் குழம்பு. மூக்கில் தண்ணீர் வரச் சாப்பிட்டுவிட்டு மாத்திரையைக் கையில் எடுத்தேன். தைரியசாலிதான் நான், ஆனாலும் கடைசியாக ஒரு தடவை விரலில் ஒட்டிய குழம்பை நக்கிக்கொண்டேன். மனைவி தண்ணீர் கிளாஸை நீட்டியபடி நின்றாள். விழுங்கினேன்.

வாய் காய்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். தண்ணீர் பாட்டிலும் கையுமாக இருந்தேன். முதல் சில வாரம் ஒரு மாற்றமும் இல்லை. வீணாகத் தின்கிறோமோ என்றுகூட நினைத்தேன். பிறகு ஒரு காலையில் பலகைகளைக் கழற்றி அடுக்கி முடித்த பின்புதான் கவனித்தேன், கை நடுங்கவில்லை. சரி என்று சரக்கை வறுத்து மெஷினை ஓட விட்டேன். சத்தம் கேட்டுப் பாய் தும்மிக்கொண்டே வந்து நின்றார். மனைவியும் வந்தாள். இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, சூடான தூளில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்சம் தாமதமாக, நடந்து வருகிற ஆள் மாதிரி, ருசி வந்தது.

"சீரகம் கருகியிருக்கு!" என்று கத்தினேன். "எவன் வறுத்தான் இத?"

"நீங்கதான்" என்றாள் மனைவி.

"இருக்கட்டும். கண்டுபிடிச்சது யாரு?" என்றேன்.