தட்டைக்கு விழுந்த வாடகை

என் சித்தியை வீட்டை விட்டு அனுப்பியது நான்தான். சண்டை போட்டல்ல. குரலை உயர்த்தி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஓர் அட்டவணை போட்டேன், அவ்வளவுதான். அந்த அட்டவணைக்கு எனக்கு நூற்றுக்கு எண்பத்தெட்டு மதிப்பெண் கிடைத்தது.

அப்பாவுக்குத் தாராவியில் முறுக்குப் பட்டறை. கீழே பட்டறை, மேலே தகரக் கூரை போட்ட மாடியில் நாங்கள். முறுக்கு பிழிய ஒரு மெஷினும் இரண்டு ஆட்களும் உண்டு. வாசல் பக்க மூலையில் உட்கார்ந்து சித்தி தட்டை போடுவாள். மாவை உருட்டித் துணியில் வைத்து, டம்ளர் அடியால் ஓர் அமுக்கு, எண்ணெயில் ஒரு தள்ளு. மாட்டுங்காவில் இரண்டு கடைக்காரர்களும் திலக் நகரில் ஒருவரும் வாங்கினார்கள்.

சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணமான நான்காம் வருடமே சித்தப்பா தவறிப்போக, பிள்ளையும் இல்லாமல் ஊரில் கிடந்தவளை அம்மாதான் இங்கே கூட்டிவந்தாள். நான் பத்தாவது படிக்கும்போது அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அக்கா இல்லாத வீட்டில் அக்கா புருஷனோடு ஒருத்தி இருப்பதென்றால் எங்கள் சந்துக்குக் காரணம் வேண்டும். சித்திக்குத் தட்டைதான் காரணம். குழாயடியில் யார் குத்தலாகக் கேட்டாலும், "பட்டறையில வேல பாக்கேன்லா" என்று நிமிர்ந்து சொல்வாள். அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அப்பாவும் சித்தியும் நேரடியாகப் பேசிக்கொள்ள மாட்டார்கள். அம்மா இருந்தவரை அம்மா வழியாக, அதன் பிறகு என் வழியாக. சித்தி மூன்றடி தள்ளி எண்ணெய்ச் சட்டி முன்னால் இருப்பாள். அப்பா என்னைப் பார்த்து, "சித்திட்ட சொல்லு, நாளைக்கு ரெண்டு கிலோ கூட வேணுமாம்" என்பார். சித்தி என்னைப் பார்த்து, "கடலப்பருப்பு தீந்துட்டுன்னு சொல்லு" என்பாள். இரண்டு பேர் காதிலும் விழுந்திருக்கும். ஆனாலும் நான் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சொன்னதாகக் கணக்கில்லை. அப்பா எரிந்து விழுந்தால் அதை நான் கொஞ்சம் ஆற்றித்தான் கொடுப்பேன். எங்கள் வீட்டில் என் முதல் உத்தியோகம் அதுதான்.

இரண்டாவது உத்தியோகம் செம்பூரில், ஒரு லாரி கம்பெனி ஆபீஸில் பில் போடுவது. டிகிரி இருந்தால் அக்கவுண்ட்ஸ் பக்கம் மாற்றுகிறேன் என்று சேட் சொன்னார். ஆன்லைன் காலேஜில் சேர்ந்தேன். சயானில் ஏறி, குர்லாவில் வண்டி மாறிச் செம்பூர் போவதற்குள் போனில் பாதிப் பாடம் முடிந்துவிடும். மற்ற பேப்பர்கள் எல்லாம் கொட்டாவி. மேனேஜீரியல் அக்கவுண்டிங் மட்டும் ஆளை இழுத்தது. போன வருடம் நடந்ததை எழுதி வைக்கிற கணக்கல்ல அது. இனிமேல் எதைச் செய்யலாம், எதை விடலாம் என்று முதலாளிக்கே சொல்லித் தருகிற கணக்கு. வீடியோவில் டீச்சர் அடிக்கொருதரம் "சமஜ் மே ஆயா?", புரிந்ததா என்று கேட்பார். நான் ரயிலின் லேடீஸ் டப்பாவில் தொங்கிக்கொண்டே தலையாட்டுவேன். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதென்று நினைப்பு.

ஆறாவது பாடத்துக்கு அசைன்மென்ட் வந்தது. தெரிந்த சின்னத் தொழில் ஒன்றை எடுத்து, எந்தச் சரக்கு லாபம், எது நஷ்டம் என்று காட்டி, முதலாளிக்கு ஒரு யோசனை எழுத வேண்டும். வாடகை மாதிரிப் பொதுச் செலவை, அந்தந்தச் சரக்கு எவ்வளவு இடம் பிடிக்கிறதோ அதன்படி பிரித்துப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இஞ்ச் டேப்போடு பட்டறைக்குள் இறங்கினேன். பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் ஒரு முனையைச் சித்தியிடம் கொடுத்தேன்.

"என்னட்டி, வீட்ட விக்கப் போறியா?"

"பாடம் சித்தி."

"பாடமா? அப்பம் நல்லாப் பிடிக்கேன்" என்று மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, முனையைச் சுவரோரம் அமுக்கிப் பிடித்தாள். இஞ்ச் பிசகாமல் அளந்தோம். அவள் உட்காரும் பலகை, அடுப்பு, ஆறப்போடும் தாம்பாளங்கள் எல்லாம் சேர்த்துப் பட்டறையில் கால்வாசி. கால்வாசி வாடகையைத் தூக்கித் தட்டை தலையில் வைத்தேன்.

அடுத்து கூலி. அப்பா சித்திக்குச் சம்பளம் என்று எதுவும் கொடுத்ததில்லை. சாப்பாடு, துணிமணி, தீபாவளிக்கு ஒரு சேலை. வீட்டு ஆள் என்றாலும் உழைப்புக்குக் கூலி போட வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். முறுக்கு பிழிகிறவருக்குக் கொடுப்பதை அப்படியே சித்தி பேருக்கும் எழுதினேன். பெண்ணின் உழைப்பை மதிக்கிறேனாம், எழுதும்போது பெருமை வேறு. கூட்டிப் பார்த்தால் தட்டையில் நஷ்டம். "தட்டையை நிறுத்திவிடலாம்" என்று யோசனை எழுதி அனுப்பினேன்.

அனுப்பியதோடு நின்றிருக்கலாம். மார்க் வந்த சந்தோஷத்தில் அப்பாவிடம் காட்டினேன். தொழில் பேச்சில் அப்பா அதுவரை என்னைச் சேர்த்ததே இல்லை. அன்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கேட்டார்.

"இத்தன வருஷமும் நஷ்டத்துக்கா போட்டுக்கிட்டு இருக்கு?"

"ஆமாப்பா."

"அப்பம் நிப்பாட்டிருவோம். சித்திட்ட சொல்லிரு."

என் பேச்சை அப்பா கேட்டுவிட்டார்! அந்தத் திமிர் எனக்கு மண்டைக்கு ஏறியிருந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேரே சித்தியிடம் போனேன். ஆற்றிக் கொடுக்கவெல்லாம் தோன்றவில்லை. சிவப்பில் இருந்த எண்ணைக் காட்டிச் சொல்லி முடித்தேன். சித்தி அதைப் பார்க்கவில்லை. மேலே இருந்த வேறோர் எண்ணில் விரலை வைத்தாள்.

"இது யாரு சம்பளம்?"

"உங்க சம்பளம் சித்தி."

"எனக்கா?" என்று கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். "நல்லாத்தான் போட்டுருக்க." பிறகு, "நீயா கணக்குப் பாத்த?" என்று கேட்டாள்.

"ரெண்டு தடவ பாத்துட்டேன் சித்தி."

"நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி அடுப்பை அணைத்தாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் சும்மா இருக்கத் தெரியாமல் தவித்தாள். விளக்கிய பாத்திரத்தையே திரும்ப விளக்கினாள். குழாயடியில் ஒருத்தி, "இப்பம் என்ன வேல பாக்க?" என்று கேட்டிருக்கிறாள். சித்தி பாதிக் குடத்தோடு திரும்பி வந்துவிட்டாள். மறுநாள் காலை, அப்பா சட்டை போட்டுக்கொண்டிருக்கும்போது என்னிடம், "அத்தான்ட்ட சொல்லு, காட்கோபர்ல ஒரு வீட்டுல சமையலுக்கு ஆள் கேக்காவ. அங்கனயே தங்கிக்கிடலாமாம். போறேன்" என்றாள்.

அப்பா பொத்தானைப் போடுவதை நிறுத்தினார். "அவ இஷ்டம்னு சொல்லு" என்றார்.

"உங்க இஷ்டமாம் சித்தி" என்று சொல்லிவிட்டு நான் ஆபீஸுக்கு ஓடினேன். அன்று ஆன்லைனில் ஒரு சின்ன டெஸ்ட் இருந்தது. சாயந்திரம் வந்து பார்த்தபோது மாடியில் அவளுடைய டிரங்குப் பெட்டி இருந்த இடம் காலியாக இருந்தது.

ஒன்பதாவது பாடம் குர்லா தாண்டும்போது ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சரக்கை நிறுத்தும் முன் ஒரே கேள்விதான் கேட்க வேண்டும் என்றார் டீச்சர். நிறுத்தினால் எந்தச் செலவு உண்மையிலேயே நிற்கும்? நிற்காத செலவை அந்தச் சரக்கின் மேல் போட்டு நஷ்டம் என்று சொல்வது, புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு என்று சிரித்தார். வீடியோவை நிறுத்தினேன். மூலை காலியானதற்காக இடத்துக்காரர் வாடகையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. சம்பளம்? கொடுக்காத சம்பளத்தை எங்கிருந்து மிச்சம் பிடிப்பது? இரண்டையும் அடித்துவிட்டால் மாவு, எண்ணெய், கேஸ் போக மாதா மாதம் தட்டையில் பணம் நின்றிருக்கிறது. வாடகையில் ஒரு பங்கைச் சித்திதான் கட்டிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு காசு வாங்காமல் வேலை பார்த்தவளை, வாங்காத காசைச் செலவாக எழுதி நான் நஷ்டமாக்கிவிட்டேன். செம்பூரில் இறங்க மறந்து கோவண்டியில் இறங்கினேன். பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. மூலையில் அதற்குள் முறுக்கு அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். அவற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கணக்கு தப்பாப் போச்சுன்னு சித்திட்ட சொல்லு. வரச் சொல்லு" என்றார்.

காட்கோபரில் அந்த வீடு ஏழாவது மாடி. சித்திதான் கதவைத் திறந்தாள், வெளியே இருந்த கம்பிக் கதவு பூட்டியபடியே இருந்தது. முதலாளியம்மா பூஜையில் இருப்பதால் மெல்லப் பேசச் சொன்னாள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று வாடகையையும் சம்பளத்தையும் ஒன்றுவிடாமல் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்பம் நான் லாபமா?"

"லாபம்தான் சித்தி. அப்பா வரச் சொன்னாவ."

"லாபம்னா வா, நஷ்டம்னா போ. அப்படித்தானட்டி?"

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன்.

"அத்தானால இருன்னு சொல்ல முடியாது. நாலு பேரு நாலு விதமாப் பேசுவாவ, அது எனக்குத் தெரியும். நீ சொல்லிருக்கலாம்லா. நீயும் ஒரு வார்த்த சொல்லலயே." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போ, ஆபீஸுக்கு நேரமாவும். நல்லாப் படி."

கதவு சாத்திக்கொண்டது. எத்தனை வருடமாக அப்பா சொன்னதையும் சித்தி சொன்னதையும் ஒரு சொல் விடாமல் சுமந்திருக்கிறேன். "நீங்க இருங்க சித்தி, நீங்க இல்லாம எனக்கு முடியாது" என்று நானாகச் சொல்ல வேண்டியது அந்தச் சாத்திய கதவின் முன்னால்தான் வாயில் வந்தது. காலிங் பெல் வரை கை போனது. பூஜை மணி கேட்டுக்கொண்டிருந்தது. அடிக்காமல் இறங்கி வந்துவிட்டேன்.