பந்திப் பக்கம் நிற்கும் ஆள்

போன ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, பதுளையில் எங்கள் வீட்டு முன்னறையில் மூன்று பேர் சிரிப்புப் படம் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தோம். நான், என் மனைவி, மடுல்சீமையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த என் கூட்டாளி. நானும் அவனும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரே லயத்தில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிறந்தவர்கள். நான் படித்து, கச்சேரி என்று ஊரில் சொல்லும் மாவட்டச் செயலகத்தில் எழுதுவினைஞனாகச் சேர்ந்து, நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வு பெற்றேன். அவன் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் கிடந்து ஓய்வு பெற்றான்.

படத்தில் கதாநாயகனுக்கு ஒரு சிநேகிதன். இவன் காதலிக்க, அவன் அடி வாங்குகிறான். பெண்ணின் தகப்பனை ஏமாற்ற டாக்டராகவும் சோதிடராகவும் போகிறான். ஒரு தடவை சேலை கட்டிக்கொண்டு கதாநாயகனின் பெரியம்மாவாகக்கூடப் போகிறான். தண்ணீர்த் தாங்கிக்குள் அரை நாள் ஒளிந்திருக்கிறான். கடைசியில் கோயில் மண்டபம், மாலை, மேளம். எல்லோரும் வரிசையாக நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். இடைவேளைக்கு முன்னால் ஆள் வைத்து அடித்த மாமன்கூடப் பல் தெரிய நிற்கிறார். சிநேகிதனைக் காணவில்லை.

"அந்தப் பெடியன் எங்க போட்டான்?" என்றாள் மனைவி. அவள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். இங்கேயே பிறந்து, இங்கேயே ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றும் பேச்சு மட்டும் மாறவில்லை.

"வேலை முடிஞ்சிருச்சு. கடமையில இருந்து விடுவிச்சிருப்பாங்க" என்றேன்.

கூட்டாளி சிரித்தான். "எங்க போவான் டீச்சர், பந்திப் பக்கம் நிப்பான். சோறு பத்துதா, பப்படம் பத்துதான்னு யாராச்சும் பாக்க வேணாமா?"

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். தேநீர் போட உள்ளே போகும்போதும் சிரித்துக்கொண்டே போனாள். எங்கள் கல்யாணத்தன்று பந்திப் பக்கம் நின்றவன் அவன்தான் என்பது அவளுக்கு நினைவில் இருக்க நியாயமில்லை. எனக்கு இருந்தது.

அந்தக் காலத்தில் என் கடிதங்களை அவளிடம் சேர்த்தவன் அவன். தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறியோடு வாரம் ஒரு தடவை பதுளைக்கு வருவான். கோவா என்று நாங்கள் சொல்லும் முட்டைக்கோஸ் விற்பவனாக அவள் வீட்டுப் படலைக் கதவைத் தட்டுவான். கோவாவுக்குள் கடிதம் இருக்கும். ஒரு நாள் அவளுடைய அப்பாவே கடிதத்தைப் பிடித்துவிட்டார். இவன் சற்றும் தயங்காமல், அது அந்த வீட்டில் சமைக்கும் அம்மாவுக்குத் தான் எழுதியது என்று சொன்னான். அந்த அம்மாவுக்கு அப்போது அறுபது வயது. மாமனார் ஓங்கி அறைந்தார். அந்த அம்மாவும் அகப்பையோடு வந்து தன் பங்குக்கு இரண்டு போட்டார். என் பெயர் கடைசிவரை வெளியே வரவில்லை.

பிறகு எனக்கு உத்தியோகம் நிரந்தரமானது. மாமனார் அரைமனதாகச் சம்மதித்தார். என் தகப்பனாருக்குத் தோட்டத்தில் என்ன வேலை என்று கேட்டார். "தோட்ட சேவை" என்றேன். பொய்யில்லை. முகாமையாளர் முதல் தண்ணீர்க் கான் வெட்டுபவர் வரை எல்லோருக்கும் பொருந்துகிற சொல். அரசாங்க சேவையில் ஒருவன் முதலில் கற்றுக்கொள்வது இப்படிப்பட்ட சொற்களைத்தான்.

விவாகப் பதிவுக்கு இரண்டு சாட்சி வேண்டும். பெண் பக்கம் ஒருவர், என் பக்கம் ஒருவர். என் பக்கம் அவன்தான் என்று அவனும் நினைத்திருந்தான், நானும் சொல்லியிருந்தேன். அதற்காக வெள்ளைச் சட்டை ஒன்று தைத்தான். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் பதிவுப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். சாட்சியின் பெயர், தொழில், வதிவிடம். பதிவாளர் சபையில் வைத்து உரக்கக் கேட்பார். இவன் அதைவிட உரக்கச் சொல்வான், தோட்டத் தொழிலாளி, மேல் லயம் என்று. அடுத்த கேள்வி மாமனாரிடமிருந்து வரும். மாப்பிள்ளைக்கு இவனை எப்படிப் பழக்கம்?

எங்கள் குடும்பத்துக்கு இங்கே பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. அவனுடைய குடும்பம் இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்துவிட்டு முறை வராமல் நின்றுபோன குடும்பம். இங்கேயும் பிரஜாவுரிமை இல்லை, அங்கேயும் போகவில்லை. அடையாள அட்டை கிடையாது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"அடையாள அட்டை இல்லாதவன் சாட்சி போட முடியாதாம். சட்டம் அப்படி."

அப்படி ஒரு சட்டம் இல்லை. மணமக்களைத் தெரிந்த, நம்பத் தகுந்த ஆளாக இருந்தால் போதும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கச்சேரியில் விவாகப் பதிவுப் பிரிவில் நான் வேலை பார்த்திருக்கிறேன்.

"சட்டம்னா என்ன செய்ய" என்றான். "அப்ப நான் சாப்பாட்டுப் பக்கத்தப் பாத்துக்கிறேன்." வெள்ளைச் சட்டையோடு வந்து, அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நாள் முழுக்கச் சோற்றுக் கிடாரத்தோடு நின்றான். என் பக்கத்துச் சாட்சியாகக் கச்சேரியில் அடுத்த பிரிவின் தலைமை எழுதுவினைஞர் கையெழுத்துப் போட்டார். நாங்கள் படம் பிடித்துக்கொண்டபோது கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எப்போதென்று தெரியாமல் அவன் என்னை வாங்க, போங்க என்று கூப்பிடத் தொடங்கினான். நான் தடுக்கவில்லை. பல வருடம் கழித்து எல்லோருக்கும் பிரஜாவுரிமை என்று சட்டம் வந்து, அவனுக்கு அட்டையும் வந்தது. அதைக் காட்டவென்றே கச்சேரிக்கு வந்தான். நேராக என் மேசைக்கு வராமல் வரிசையில் நின்று வந்தான். "இனி எங்கயாச்சும் சாட்சி வேணும்னா சொல்லுங்க. நான் இருக்கேன்" என்று அட்டையை நீட்டினான். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மனைவி அடுப்படியில் இருந்தபோது, அவன் பையிலிருந்து வெற்றிலைக் கட்டை எடுத்தான். மேலே பாக்கு வைத்து இரண்டு கையாலும் நீட்டினான். எங்கள் ஆட்கள் பெரிய காரியம் கேட்கிற முறை அது. வாங்கிக்கொண்டால் சம்மதம்.

"சின்ன மகளுக்கு அடுத்த மாசம் கல்யாண எழுத்து. பொண்ணு பக்கத்துச் சாட்சிக் கையெழுத்து நீங்க போடணும்."

வாங்கிக்கொண்டேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான் என்று தோன்றியது.

அவன் நிறுத்தவில்லை. "ஒங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. என்கூட ஸ்டோர்ல வேல செஞ்சவன் ஒருத்தன். இந்தப் புள்ளைக்குச் சின்னதுல வலிப்பு வந்தப்ப, ரோடு ஒடஞ்சு வண்டி வரல, அவந்தான் பசறை ஆஸ்பத்திரி வரைக்கும் முதுகுல தூக்கிட்டுப் போனான். புள்ளையும் அவரே போடட்டும்னுதான் கேட்டா. ஆனா மண்ணு சரிஞ்சதுல அவனுக்கு வீடு போச்சு, அட்டையும் போச்சு. அட்ட இல்லாம சட்டம் விடாதேப்பா, நான் அனுபவிச்சவன்னு சொல்லிட்டேன். பாவம், சரிண்ணே, நான் சமையல் பக்கம் நிக்கிறேன்னுட்டான்."

வெற்றிலை என் கையில் இருந்தது. பேசாமல் இருந்தால் அடுத்த மாதம் மடுல்சீமைக்குப் போய், நல்ல பேனாவால் கையெழுத்துப் போட்டு, படத்தில் நடுவில் நிற்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஒரு கோப்பை மூடிவைப்பது எப்படி என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அவர் போடலாம்" என்றேன். "இப்ப பதிவாளர் அட்டை கேப்பாரு. தொலைஞ்சதுக்குப் பொலிஸ்ல முறைப்பாடு போட்ட துண்டும், கிராம சேவகர்கிட்ட ஒரு கடிதமும் இருந்தா போதும்."

"சட்டம் மாறிருச்சா?"

"மாறல. அன்னைக்கும் நீ போட்டிருக்கலாம். நான் பொய் சொன்னேன்."

அவன் என்னைப் பார்க்கவில்லை. தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தான்.

"அப்ப அவன் போடலாம்" என்றான். "அந்த ரெண்டு காகிதமும் என்னென்னன்னு எழுதிக் குடுங்க. எனக்கு மறந்துரும்."

எழுதிக் கொடுத்தேன். வெற்றிலையைத் திருப்பி நீட்டினேன். கொடுத்த வெற்றிலையைத் திருப்புவது எங்களில் பெரிய அவமரியாதை. ஆனால் வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவன் கையை நீட்டவில்லை.

"அது இருக்கட்டும். அவனுக்கு வேற வாங்கிக்கிறேன்."

தேநீரைக் குடித்தான். டீச்சரிடம் சொல்லிக்கொண்டான். பஸ் நிலையம் வரை கூடவே போனேன். மடுல்சீமை பஸ் நின்றிருந்தது, நடத்துனர் கூவிக்கொண்டிருந்தார். படியில் ஒரு காலை வைத்துவிட்டு அவன் திரும்பினான்.

"சட்டம்னு சொன்னீங்கள்ல, அதுல எனக்கு வருத்தமே இருந்ததில்ல. சட்டத்துமேல யாரு கோவிப்பா? கவர்மெண்ட்டத் திட்டிட்டுப் போயிட்டேன். இத்தன வருசம் நல்லாத்தான் இருந்துச்சு." பையைத் தோளில் மாட்டினான். "இப்பப் போயி சொல்லிட்டீங்க."

அதற்கு நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். "கல்யாணத்துக்கு டீச்சரக் கூட்டிட்டு வாங்க" என்றான். "முன்னால நாற்காலி போடச் சொல்றேன்." ஏறி உள்ளே போய் அந்தப் பக்கத்து யன்னலோரம் உட்கார்ந்துகொண்டான்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணை வெத்திலையெல்லாம் கொண்டந்தவர். என்னவாம்?"

"மகளுக்குக் கல்யாணமாம். சாட்சிக்கு என்னைக் கேட்க வந்தான்."

"நல்லதுதானே. எப்பவாம்?"

"அடுத்த மாசம்" என்றேன். "சாட்சிக்கு வேற ஆள் கிடைச்சிட்டுதாம்."