மௌன விரதத்தில் வந்த இன்டர்வியூ

என் பெயர் பரமேஸ்வரி. எழுதுவதால் சட்டென்று சொல்லிவிட்டேன். நேரில் கேட்டிருந்தால் முதல் எழுத்திலேயே நின்றிருப்பேன். சின்ன வயதிலிருந்தே எனக்குத் திக்குவாய்.

அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் பெர்மனென்ட். போன சித்திரையில் ரிட்டயர்மென்ட், அதோடு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அதற்குள் எனக்கு வேலை கிடைக்காவிட்டால் அப்பாவின் ஊரான சிவகங்கைப் பக்கம் போய் எனக்கு மாப்பிள்ளை பார்ப்பது என்று வீட்டில் முடிவு. என் சாஃப்ட்வேர் கனவு அதோடு சரி.

காலேஜ் முடித்தபின் வீட்டிலிருந்தே பைத்தான் கற்றுக்கொண்டேன். யாரிடமும் வாய்விட்டுச் சந்தேகம் கேட்க முடியாது. அதனால் புரோகிராமில் ஒவ்வொரு வரிக்கு மேலும் 'இது எதற்கு, இங்கே தப்பினால் என்ன ஆகும்' என்று எனக்கு நானே எழுதிப் பழகினேன். வேலை நன்றாகவே கைவந்தது. ஆனால் இன்டர்வியூவில் பதில் நெஞ்சில் இருக்கும், நாக்கு கட்டிக்கொள்ளும். "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்பார்கள். பிறகு அவர்களிடமிருந்து பதிலே வராது. அழுது அழுது வெறுத்துப்போனேன்.

அப்பா ரிட்டயர் ஆவதற்கு முந்தைய மாதம், பங்குனி உத்திரக் கொடியேற்றத்தன்று கோயிலில் முருகனோடு சண்டையே போட்டேன். 'பேச்சைக் கொடு என்று எத்தனை வருடம் கேட்டேன்? மனசில்லை என்றால் நீயே வைத்துக்கொள். உத்திரம் வரை நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.' கோபத்தில் எடுத்த விரதம் அது.

அவனுக்கும் என்னைப்போலக் குசும்பு உண்டு. இரண்டாம் நாளே மெயில் வந்தது. சென்னையில் ஒரு சின்ன ஸ்டார்ட்அப். ஆலையில் கரும்பு லாரிக்கு எப்போது முறை வரும் என்று விவசாயிக்குப் போனில் சொல்லும் ஆப் செய்கிறவர்கள். மறுநாள் காலை வீடியோ இன்டர்வியூ.

அம்மா தலையில் கைவைத்தாள். "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! வேல வர்ற நேரத்துல வாய மூடிக்கினு ஒக்காந்திருக்கியேடி. மஞ்சத்துணில காசு முடிஞ்சு வச்சிட்டு விரதத்த வுட்டுடு."

அப்பா ஒப்பவில்லை. "சாமிகிட்ட சொன்னா சொன்னதுதான். அவங்களுக்கு மறைக்காம எழுதிப் போட்டுரு பாப்பா."

பூஜை அலமாரி முன் நின்றேன். 'கோபத்தில் சொன்னதைப் பிடித்துக்கொண்டாயே அப்பனே. இனி நீதான் வழி.'

காலையில் திரையில் வந்தவர் கவிதா மேடம். அந்த நிறுவனத்தைத் தொடங்கியவரே அவர்தான். விரதத்தைச் சொல்லி, பதில்களை டைப் செய்யலாமா என்று எழுதிக் கேட்டேன். இதுவரை எந்த இன்டர்வியூவிலும் சொல்லாததையும் சேர்த்தேன்: 'எனக்குத் திக்குவாய் உண்டு.'

அவர் படித்துவிட்டுச் சிரித்தார். "தாராளமா டைப் பண்ணுங்க. நாங்களே ஆளுக்கொரு ஊர்ல உக்காந்து, நாள் பூரா எழுதித்தான் பேசிக்கிறோம்."

இரண்டு லாரிகள் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டுக்கும் ஒரே வரிசை எண் விழும் புரோகிராம் ஒன்றை அனுப்பிச் சரிசெய்யச் சொன்னார். நான் பழக்கப்படி, எதை ஏன் மாற்றுகிறேன் என்று வரிக்கு மேல் எழுதிக்கொண்டே போனேன். அவர் வரிவரியாகப் படித்துக்கொண்டே வந்தார். கடைசியில், "நீங்க யோசிக்கிறது அப்படியே கண்ணுக்குத் தெரியுது. இப்படி எழுதுற ஆளத்தாங்க தேடிட்டிருந்தோம்" என்றார். அந்தப் பெருந்தன்மையை நான் மறக்க மாட்டேன்.

உத்திரத்துக்கு முன்பே வேலை உறுதியானது. வாயைத் திற என்று கேட்டேன், மூடவைத்துக் கொடுத்தான். அவனை என்னவென்று புகழ்வது! குவார்ட்டர்ஸைக் காலி செய்து அம்மாவின் ஊரான முத்தாண்டிக்குப்பத்துக்கு வந்துவிட்டோம். அங்கிருந்தே வேலை செய்கிறேன். திக்குவாய் போகவில்லை. காலை மீட்டிங்கில் திக்கித்தான் பேசுகிறேன். எல்லாரும் காத்திருந்து கேட்கிறார்கள். நானும் இப்போது வெட்கப்படுவதில்லை.

கேட்டது கிடைக்கவில்லை என்று அவன்மேல் கோபமாக இருப்பவர்களே, நன்றாகச் சண்டை போடுங்கள். ஆனால் சந்நிதியை விட்டுப் போய்விடாதீர்கள். உத்திரத்தன்று காவடிக் கூட்டத்தில் நின்று விரதத்தை முடிக்க வாயெடுத்தேன். "மு... மு..." என்று நின்றது. அவன் பெயரைச் சொல்லி முடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது. அதற்கு முன்பே அவன் வந்துவிட்டிருந்தான்.