பெண் பார்க்க வந்த அன்று கடலும் வந்தது

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் வடசேரிக்காரர்கள். அவர்களுக்கும் பூர்வீகம் எங்களைப் போல இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரைதான். மாப்பிள்ளையின் தாத்தா காலத்திலேயே வலையை விட்டுவிட்டு, டவுனில் வீடு கட்டிப் போய்விட்டார்கள். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் ஏசி மெக்கானிக் வேலை. சுனாமி வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. நான் எங்கள் ஊர் மாதா கோயிலைச் சேர்ந்த பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் கவலை முழுக்க வீட்டைப் பற்றித்தான். நான் பிறந்தபோது எங்கள் வீடு கடலிலிருந்து மூன்றாவது வரிசை. முதல் வரிசை சுனாமியில் போனது. அதற்கடுத்த ஆனி ஆடிகளில் கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையைத் தின்று, இரண்டாவது வரிசையையும் கொண்டுபோனது. இப்போது அடுக்களைக் கதவைத் திறந்தால் மணல், மணலுக்கு அப்புறம் அலை. பின்சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு. அப்பா இரண்டு தடவை சிமென்ட் வைத்துப் பூசினார். பூச்சோடு சேர்ந்து வெடித்தது.

"மாதா படத்த கொஞ்சம் இங்க தள்ளி மாட்டுங்க," என்றாள் அம்மா.

"வெடிப்ப மறைக்கதுக்கா மாதா?" என்று அப்பா முணுமுணுத்தார். ஆனால் ஆணி அடித்தது அவர்தான்.

அது சித்திரை மாதம். காற்றில்லை, மேகமில்லை. கோயில் ஹாலில் கேட்டு வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளில் மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அக்கா, தாய்மாமன் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். முந்திரிக்கொத்தும் பழமும் வைத்தாயிற்று. நான் தேநீர்த் தட்டோடு வந்து நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்து, "டீச்சர் வேலைன்னா பொறுமை வேணும்லா," என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். அப்போதுதான் என் உள்ளங்காலில் குளிர் தட்டியது.

காற்றும் மழையும் இல்லாமல், சொல்லாமல் கொள்ளாமல் ஏறி வருகிற கடலை எங்கள் பக்கம் கள்ளக்கடல் என்பார்கள். முன்பெல்லாம் எப்போதாவது வரும், வந்தாலும் மணலோடு நிற்கும். அன்று அது அடுக்களை வழியாக வந்தது. முதலில் ஒரு நுரைக் கோடு. அடுத்த அலையில் பின்கதவு தானாகத் திறந்து, விறகும் சருகும் ஒரு பிளாஸ்டிக் குடமும் நடுவீட்டுக்கு மிதந்து வந்தன.

"ஐயோ, வெள்ளம் கேறுதே!" என்று மாப்பிள்ளையின் அக்கா சேலையைத் தூக்கிக்கொண்டு நாற்காலி மேல் ஏறினார். அவருடைய அம்மாவும் கால்களைத் தூக்கிக்கொண்டார். தாய்மாமன் எழுந்து வாசலைப் பார்த்தார். நான் பட்டுச் சேலை நனைய, தட்டைப் பிடித்தபடி நின்றேன். தட்டை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகள் தெருவைத் தாண்டி மிதந்து போயின. அப்பா வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவற்றின் பின்னால் ஓடினார். பெரிய கடலில் வள்ளம் ஓட்டிய மனிதர். முழங்கால் தண்ணீரில் குனிந்து, குப்பைக்குள் கைவிட்டுத் துழாவி, ஒவ்வொன்றாக எடுத்து அவர்கள் காலடியில் கொண்டுவந்து வைத்தார். மாப்பிள்ளையின் ஒரு செருப்பு மட்டும் கிடைக்கவில்லை. அப்பா தன்னுடைய ரப்பர் செருப்பைக் கழுவிக் கொண்டுவந்து நீட்டினார்.

"வேண்டாம் மாமா, பரவாயில்ல," என்றார் மாப்பிள்ளை. நல்ல மனிதர்தான். வெறுங்காலோடு காரில் ஏறினார். தெருவே வந்து நின்று பார்த்தது. இன்று நினைத்தாலும் மாப்பிள்ளையின் முகம் எனக்குச் சரியாக ஞாபகம் வருவதில்லை. அந்த ரப்பர் செருப்பை நீட்டிக்கொண்டு நின்ற அப்பாவின் கைதான் வருகிறது.

மறுவாரம் சம்பந்தம் பேசிய பெரியம்மா வந்தாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பொண்ண அவிய ஒரு குறையும் சொல்லல்ல," என்றாள் பெரியம்மா. "தலைப்பிரசவத்துக்குப் பிள்ளைய எங்க கொண்டு விடுறதுன்னுதான் கேக்காவ. ஆத்திர அவசரத்துக்குப் போயி நிக்க ஒரு வீடு வேண்டாமான்னு கேக்காவ."

அப்பா சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தார். கையைக் கழுவிவிட்டு முன்வாசல் வழியாக வெளியே போனார். வழக்கமாகப் பின்வாசல் வழியாகக் கடலுக்குத்தான் போவார்.

அந்த ஆனியிலேயே பின்சுவர் விழுந்தது. கூரையும் நிற்கவில்லை. எங்களோடு வீடிழந்த இன்னும் சில குடும்பங்களையும் சேர்த்து, ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது என்னுடைய வகுப்பறை. பகலில் பிள்ளைகளை வராந்தாவில் உட்காரவைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். எனக்குப் பின்னால் ஜன்னல் கம்பியில் அம்மாவின் பாவாடையும் என் உள்துணிகளும் காயும். அவற்றை மறைத்து நிற்கப் பார்ப்பேன்.

"எங்க டீச்சர் இங்கதான் தூங்குதாவ," என்று ஒரு குட்டிப் பெண் தன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னாள். அந்த அம்மா என்னைப் பார்க்காமல் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள். ஒரு மாதத்துக்குள் பள்ளிக்கூடத்தை எப்போது காலி செய்வீர்கள் என்ற கேள்வி வந்துவிட்டது. எங்கள் வீடு போனதால் இப்போது கடலுக்கு முதல் வரிசையாகிவிட்ட வீட்டுக்காரர்கள் எங்களிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். எங்களைத் தொட்டால் அவர்கள் வீட்டிலும் வெடிப்பு விழும் என்பது போல.

கடற்கரையை விட்டு உள்ளே, தென்னந்தோப்பும் வயலுமாக இருந்த ஊர்களில் வாடகைக்கு வீடு தேடினோம். "கடப்புறத்து ஆளுகளா?" என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு வீடு இருக்காது. கடைசியில் ஒரு அம்மா கதவைப் பாதி திறந்து, "மீன் வாடை எனக்கு ஆகாது, பாத்துக்கிடுங்க," என்றார்.

"நான் இப்பம் கடலுக்குப் போறதில்லம்மா," என்றார் அப்பா.

நான் பக்கத்தில் நின்றேன். அப்பா பொய் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. வீடு கிடைத்தது. வலையை அப்பா பழைய கூட்டாளியின் வீட்டில் விட்டுவைத்து, அங்கிருந்தே கடலுக்குப் போய்வந்தார். மீன் விற்றுத் திரும்புகிற அம்மா, தெருமுனைக் குழாயில் கைகால்களைச் சோப்பு போட்டுக் கழுவி, பையில் வைத்திருக்கும் வேறு சேலையைச் சுற்றிக்கொண்டுதான் தெருவுக்குள் வருவாள். வீட்டுக்கார அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். கேட்டதில்லை.

இரண்டு வருடம் கழித்து அந்த வாடகை வீட்டில்தான் என்னை மறுபடி பெண் பார்த்தார்கள். வந்தவர்களும் கடற்கரைக்காரர்கள்தான், அவர்கள் வீட்டையும் அலை தொட்டுக்கொண்டிருந்தது. அதனால் வீட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கார அம்மா தானே அச்சப்பம் சுட்டுக் கொண்டுவந்தார். வந்தவர்களிடம் உண்மையான பிரியத்தோடு சொன்னார்: "அவ்வளவு சுத்தம். கடப்புறத்து ஆளுகன்னு சொல்லவே முடியாது."

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கல்யாணமான மறுவருடம் அப்பா அம்மாவோடு எங்கள் ஊர்த் திருவிழாவுக்குப் போனோம். அப்பா தேய்த்த சட்டை போட்டிருந்தார். தேர்ப் பவனியில் ஊர் ஆண்கள் எல்லோரும் சப்பரத்தைச் சுமப்பார்கள். கூட்டம் நெருக்காமலிருக்க ஒரு கயிறு பிடித்திருந்தார்கள். அப்பா குனிந்து கயிற்றுக்குள் நுழையப் போனார்.

"வெளியூர்க்காரங்க அங்கயே நில்லுங்க," என்றான் பேட்ஜ் குத்தியிருந்த ஒரு வாலிபன். சின்ன வயதிலேயே படிக்க வெளியே போனவனாக இருக்கவேண்டும். அவனுக்கு அப்பாவைத் தெரியவில்லை.

நான் முன்னால் போய், "இவரு இந்த ஊருதான் தம்பி," என்றேன்.

"எந்த வீடு அக்கா?" அவன் மரியாதையாகத்தான் கேட்டான்.

கோயிலுக்குத் தெற்கே, மணல் தெருவில், என்று ஆரம்பித்தேன். அந்தத் தெருவே இல்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் இறங்கிவிட்டது. அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, வரச் சொல்லுங்க," என்று கயிற்றைத் தூக்கிப் பிடித்தான்.

"வேண்டாம் மக்கா. கூட்டமா கெடக்கு," என்றார் அப்பா.

சப்பரம் எங்களைக் கடந்து போனது. சுமந்தவர்களில் பாதிப் பேர் அப்பாவோடு தொழிலுக்குப் போனவர்கள். ஒருவர் தோளில் சுமையோடு தலையைத் திருப்பிச் சிரித்தார். அப்பா கையைத் தூக்கினார். பிறகு கடைசி பஸ் போய்விடும் என்று அம்மாவை அவசரப்படுத்தினார்.